முறை தவறாது உரைக்கும் சிறு நிரல்

பெரியனவற்றின் பெருமையை யாவரும் அறிவர். சிறியனவற்றின் பொறுப்பை அறிவார் சிலரே. மாளிகையின் கோபுரத்தைக் கண்டு வியப்போர் பலர். அதன் வாயிற்கதவைத் தாங்கி நிற்கும் கீலை எண்ணுவோர் அரியர். கணிப்பொறித் துறையிலும் இவ்வுண்மை பொருந்தும். ஆயிரமாயிரம் வரிகளாலாகிய பெருநிரல்களைக் குறித்துப் பலரும் பேசுகின்றனர். அவற்றின் பக்கத்தே நின்று, குறித்த இடைவேளைதோறும் ஒரு சொல்லோ ஓர் எண்ணோ வெளியிட்டு, வேறு தொழில் யாதுமின்றி இருக்கும் உதவி நிரல்களைப் பற்றிப் பேசுவார் மிகக் குறைவு. அத்தகைய சிறு நிரலொன்றைச் சி மொழியில் எழுதுவது எவ்வாறு, அதனுள் மறைந்து கிடக்கும் இடர்கள் எவை, அவ்விடர்களை அசட்டை செய்வதால் விளையுங் கேடு எத்துணைப் பெரிது என்பவற்றை, கணிதம் பயிலும் மாணாக்கரேயன்றி மற்றைத் துறையினரும் எளிதில் உணருமாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிரல் என்பது யாது? கணிப்பொறி செய்ய வேண்டிய தொழில்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்குபட எழுதிய கட்டளைத் தொகுதியே நிரல் எனப்படும். அக்கட்டளைகளை எழுதுதற்கு அமைந்த மொழிகள் பல. அவற்றுள் சி என்னும் ஓரெழுத்துப் பெயர் பூண்ட மொழி, 1972ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க நாட்டுப் பெல் ஆராய்ச்சிச் சாலையில் டென்னிஸ் ரிச்சி என்னும் அறிஞரால் ஆக்கப்பெற்றது. அவரும் பிரையன் கெர்னிகன் என்பாரும் சேர்ந்தெழுதிய விளக்கநூல் 1978ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1989ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட வடிவில் அம்மொழிக்குரிய ஆணைச் சொற்கள் 32 மாத்திரமே. சொற்செட்டு மிக்க அம்மொழி, எழுதுவோன் சொன்னதைச் செய்யும்; சொல்லாததைச் செய்யாது; அவன் கருத்து வேறாயிருந்ததென்று இரங்கவும் மாட்டாது. ஆகையால், ஒரு சிறு தொழிலின் உள்ளியல்பை அறிய விரும்புவோர்க்கு அது கண்டிப்புள்ள நல்லாசிரியரைப் போல்வதாம்.

இனி, இடைவேளைதோறும் உரைக்கும் நிரலொன்று யாருக்கு வேண்டும் எனச் சிலர் வினவலாம். திரையின் மூலையில் மணி காட்டும் பட்டைக்கு விநாடிதோறும் புதிய நேரத்தை ஊட்டுதற்கு அது வேண்டும். ஆராய்ச்சிச் சாலையில் வெப்பநிலையை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஏட்டிற் பதிதற்கு வேண்டும். தொலைவிலுள்ள இரு கணிப்பொறிகளிடையே நெடுநேரம் பேச்சு நிகழாதொழியின், நடுவேயுள்ள கருவிகள் அவ்விணைப்பு முடிந்ததெனக் கருதி அறுத்துவிடுதலும் உண்டு; அவ்வாறு அறாதிருக்க இடையிடையே ஒரு சிறு சொல்லை அனுப்புதற்கும் வேண்டும். புதிதாய் எழுதிய வேறொரு நிரல் தனக்கு வருவனவற்றை ஒழுங்காக ஏற்கின்றதா எனச் சோதிக்குங்கால், அதற்கு அளந்து ஊட்டுங் கையாய் நிற்றற்கும் வேண்டும்.

இவை யாவற்றிலும் உரைப்பது ஒன்று, கேட்பது ஒன்று என இரு திறத்தார் உளர். கேட்பது பெரும்பாலும் மனிதரல்லர், மற்றொரு நிரலேயாம். யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் 1973ஆம் ஆண்டில் அமைந்த குழாய் என்னும் வழியால், ஒரு நிரலின் வெளியீடு மற்றொரு நிரலுக்கு உள்ளீடாகப் பாயும். டக்ளஸ் மக்கில்ராய் கருதிய அவ்வழியைக் கென் தாம்ஸன் செய்து முடித்தார். கேட்பவன் ஒருவன் உளன் என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும். இக்கட்டுரையிற் கூறப்படுவன யாவும் அதனின்றே பிறப்பன. முறையாக உரைப்பேன் என்று ஒரு நிரல் ஏற்றுக்கொள்வது கேட்பவனுக்கு அது கொடுக்கும் வாக்கு. அவ்வாக்குக் காலத்தால் மெய்யாதல் வேண்டும். உரிய பொழுதிற் சென்று சேர்தலால் மெய்யாதல் வேண்டும். எதற்குச் சான்றாக நிற்கின்றதோ அதனளவிலும் மெய்யாதல் வேண்டும். இம்மூன்றையும் முறையே ஆராய்வோம்.

முதற்கண் நிரலின் எளிய வடிவத்தைக் காண்போம். வேண்டிய தலைப்புக் கோப்புகளைச் சேர்த்துக்கொள்ளுதல் ஒன்று. மெயின் என்னும் தலைமைச் செயற்கூற்றினுள், திரும்பத் திரும்ப நிகழும் முடிவிலா மடக்கு ஒன்றைத் திறத்தல் இரண்டு. அம்மடக்கினுள் அப்போதைய நேரத்தைக் கேட்டறிந்து, பிரிண்ட்எஃப் என்னும் செயற்கூற்றால் ஒரு வரியாக வெளியிடுதல் மூன்று. ஸ்லீப் என்னும் செயற்கூற்றால் ஒரு விநாடி உறங்குதல் நான்கு. உறக்கம் முடிந்ததும் மடக்கு மீண்டும் தொடங்கும். இவ்வளவே நிரல். வரிகள் பத்துக்கு மேற்படா.

உறங்குதல் எதற்கு, ஓர் எண்ணைக் கோடி வரையில் எண்ணிக் காலம் போக்கலாகாதோ எனின், ஆகாது. எண்ணிக்கொண்டேயிருக்கும் நிரல் பிறருக்குரிய யந்திர ஆற்றலை வீணே உண்ணும். விரைவுள்ள யந்திரத்தில் அக்கோடி விரைவாகவும், மெதுவான யந்திரத்தில் தாமதமாகவும் முடியுமாதலின் அதனால் காலத்தை அளத்தலும் இயலாது. உறங்கும் நிரலோ, என்னை இன்ன நேரங் கழித்து எழுப்புக என்று இயங்குதளத்தினிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். அதுவரையில் யந்திரம் பிற தொழிலைப் பார்க்கும்.

இந்நிரலை இயக்கித் திரையை நோக்கினால் விநாடிக்கு ஒரு வரியாக நேரம் வந்துகொண்டிருக்கும். எழுதிய மாணாக்கன் தன் தொழில் முடிந்ததென மகிழ்வான். ஆனால், முற்கூறிய மூன்று மெய்ம்மைகளுள் ஒன்றேனும் இதனிடத்து நிலைபெறவில்லை.

காலத்தின் மெய்ம்மையை முதலில் நோக்குவோம். கல்லூரியில் மணியடிக்கும் ஏவலாளர் இருவர் உளரெனக் கொள்வோம். ஒருவர் கையில் ஒரு மணி நேரம் ஓடும் மணற்கடிகை உள்ளது. அவர் மணியை அடித்துவிட்டு, நடந்து தம் இருக்கைக்கு வந்து, கடிகையைக் கவிழ்த்து வைக்கின்றார். மணல் தீர்ந்ததும் எழுந்து மீண்டும் மணியடிக்கின்றார். நடைக்கு ஒரு நிமிஷம் செல்லுமாயின், அவர் அடிக்கும் மணிகளினிடையே உள்ள காலம் அறுபது நிமிஷமன்று, அறுபத்தொன்றாம். ஆறாம் மணியில் அவர் ஐந்து நிமிஷம் பின்தங்கியிருப்பார். மற்றவரோ சுவர்க்கடிகாரத்தை நோக்கி, பத்து மணிக்கு ஒருமுறை, பதினொரு மணிக்கு ஒருமுறை என அடிக்கின்றார். அவரும் ஒருநாள் சிறிது தாமதித்து அடிக்கலாம். ஆயினும் அத்தாமதம் அம்மணியோடு ஒழியும். அடுத்த மணியைத் தொடராது.

நாம் எழுதிய எளிய நிரல் முதலாமவரை ஒத்தது. ஒரு விநாடி உறங்குக என்னும் கட்டளை, அது பிறந்த கணத்திலிருந்தே அவ்விநாடியை எண்ணுகின்றது. நேரத்தைக் கேட்டலும், வரியை வெளியிடுதலும், மடக்கிற் சுழலுதலும் ஆகிய தொழில்களுக்குச் சென்ற காலம் அதன்மேற் கூடும். அன்றியும் இயங்குதளம், கேட்ட காலத்துக்குச் சற்றுப் பிந்தி எழுப்புதல் இயல்பே. இவையனைத்துஞ் சேர்ந்து மடக்குக்கு ஆயிரத்திலொரு விநாடி ஆகுமென வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குரிய 86,400 வரிகளை வெளியிட்டு முடிக்கும்போது, நிரல் 86.4 விநாடி பின்தங்கும். அஃதாவது ஏறத்தாழ ஒன்றரை நிமிஷம். முப்பது நாளில் அது 43 நிமிஷங்களுக்கு மேலாகும். கண்ணுக்குப் புலப்படும் அடையாளமும் ஒன்றுண்டு. வெளிவரும் வரிகளை ஊன்றி நோக்கினால், என்றோ ஒரு கணத்தில் நாற்பத்தொன்றாம் விநாடிக்கு அடுத்து நாற்பத்துமூன்றாம் விநாடி வந்து நிற்கும். இடையிலுள்ள நாற்பத்திரண்டைக் காணோம்.

இதற்குப் பரிகாரம் இரண்டாம் ஏவலாளரின் முறையே. நிரல் தொடங்கிய கணத்தை முதற்புள்ளியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வரிக்குரிய காலம் யாதெனின், முதற்புள்ளியோடு பத்து இடைவேளைகளைக் கூட்டிய காலமே. ஒன்பதாம் வரி எப்பொழுது வெளிவந்ததென்பது பற்றி வினவுதல் வேண்டா. பின்னர், இத்துணை நேரம் உறங்குக என்னாது, இன்ன நேரம் வரையில் உறங்குக எனக் கட்டளையிட வேண்டும். கிளாக் நானோஸ்லீப் என்னும் செயற்கூறு இதற்கென்றே அமைந்துள்ளது. முழுநேரக் குறியை அதற்குக் கொடுத்தால், அக்குறி வரும்வரை அது உறங்கும். இம்முறையில் ஒவ்வொரு வரியிலும் மிகச் சிறு பிழை இருக்கலாம். ஆனால், அப்பிழை வரிதோறும் கூடி வளராது. பிழையே இல்லாத யந்திரத்தை மனிதர் செய்தலரிது. பிழை பெருகாத யந்திரத்தைச் செய்தல் கூடும்.

ஆயிரத்திலொரு விநாடியைக் குறித்து இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ என ஐயுறுவார்க்கு, மடக்கின் தாமதத்தினின்றும் வேறாய காரணத்தாற் பிறந்து, அதனைப் போலவே சிறிது சிறிதாய்த் திரண்ட ஒரு பிழையின் வரலாற்றைக் கூறுதல் தகும். 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரில், சவூதி அரேபியாவிலுள்ள தஹ்ரான் நகரில், எதிரியின் ஏவுகணைகளை வானிலேயே அழித்தற்பொருட்டு அமெரிக்கப் படையினர் பேட்ரியட் என்னும் பாதுகாப்புக் கருவியை நிறுவியிருந்தனர். அக்கருவியின் உட்கடிகாரம் பத்திலொரு விநாடியை அலகாகக் கொண்டு எண்ணிக்கொண்டிருந்தது. அவ்வெண்ணை விநாடியாக மாற்றுதற்குப் பத்திலொன்றால் பெருக்குதல் வேண்டும். மூன்றிலொன்றைப் பதின்மான முறையில் எழுதப்புகின் 0.333 என முடிவின்றிச் செல்லுமன்றோ? அவ்வாறே பத்திலொன்றைக் கணிப்பொறிக்குரிய ஈரடிமான முறையில் எழுதப்புகின் அதுவும் முடிவின்றிச் செல்லும். அக்கருவியில் 24 இலக்கங்களுக்கே இடமிருந்தமையின் எஞ்சியது வெட்டப்பட்டது. வெட்டுண்ட பகுதி 0.000000095 அளவினது. இதனைச் சிறியதென்றுதான் யாவரும் சொல்வர்.

அக்கருவியோ நிறுத்தப்படாமல் 100 மணி நேரத்துக்கு மேல் இயங்கியிருந்தது. 100 மணி நேரத்தில் பத்திலொரு விநாடிகள் 36,00,000 உள. ஒவ்வொன்றிலும் முற்கூறிய சிறுபிழை சேர, மொத்தப் பிழை ஏறத்தாழ 0.34 விநாடியாயிற்று. ஸ்கட் என்னும் ஏவுகணை ஒரு விநாடியில் 1,600 மீட்டருக்கு மேற் பாய்வது, 0.34 விநாடியில் அது அரைக் கிலோமீட்டருக்கு மேற் கடந்துவிடும். வானத்தில் ஒரு பொருளை முதன்முறை கண்டதும், அடுத்து அது எங்கே தோன்றுமெனக் கணக்கிட்டு, அவ்விடத்தை மாத்திரம் நோக்குவது அக்கருவியின் முறை. காலக்கணக்குப் பிழைத்தமையால் இடக்கணக்கும் பிழைத்தது. கருவி நோக்கிய இடத்தில் ஏவுகணை இல்லை. ஆதலால் வருவது யாதுமில்லை எனக் கொண்டது. 1991 பெப்ருவரி 25ஆம் நாள் அவ்வேவுகணை படைவீரர் தங்கியிருந்த கட்டிடத்தின்மேல் வீழ்ந்தது. 28 பேர் மாண்டனர். திருத்திய நிரல் தஹ்ரானை அடைந்தது அடுத்த நாளாகிய 26ஆம் தேதியில். சிறுபிழை சிறிதாகவே நின்றுவிடுமென்று எண்ணுவோர் இவ்விரு தேதிகளையும் நினைவிற்கொள்வார்களாக.

காலத்தைப் பற்றி இன்னுமொரு நுட்பமுண்டு. கணிப்பொறியினுள் கடிகாரம் ஒன்றன்று. மனிதர் வழங்கும் நாளையும் மணியையும் காட்டுவது ஒன்று. பின்னோக்கிச் செல்லாது முன்னோக்கியே எண்ணிச் செல்வது மற்றொன்று. முன்னையதைச் சுவர்க்கடிகாரம் எனவும், பின்னையதை ஒருபோக்குக் கடிகாரம் எனவும் கூறலாம். சுவர்க்கடிகாரத்தை யந்திரத்துக்குரியவர் திருத்தலாம். வலைப்பின்னலின் வழியே தரநேரத்தை அறிந்து யந்திரம் தானே திருத்திக்கொள்ளவும் செய்யும். நமது நிரல் சுவர்க்கடிகாரத்தைக் கொண்டு தன் இடைவேளையை அளக்குமாயின், ஒருவர் அதனை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியவுடன், நிரல் அந்த ஒரு மணி நேரமும் வாய்மூடி இருந்துவிடும். முன்னுக்குத் தள்ளினாலோ, தவறிய வரிகளைத் தீர்ப்பதாக எண்ணி 3,600 வரிகளை ஒரே மூச்சிற் கொட்டும். ஆகவே நடையை அளத்தற்கு ஒருபோக்குக் கடிகாரத்தையும், வரியில் எழுதுதற்குச் சுவர்க்கடிகாரத்தையும் கொள்ளுதல் முறை. யந்திரம் நெடுநேரம் தடைப்பட்டு மீளுங்கால், தவறிய வரிகளை விட்டுவிடுவதா, எல்லாவற்றையும் வெளியிடுவதா என்பதையும் எழுதுவோன் முன்னரே துணிதல் வேண்டும். மணி காட்டும் பட்டைக்குப் பழைய நேரத்தால் பிரயோஜனமில்லை. கணக்குத் தவறாத ஏட்டுக்கோ தவறியவற்றின் குறிப்பும் வேண்டும்.

இரண்டாவது, சென்று சேர்தலின் மெய்ம்மை. முற்கூறிய நிரலின் வெளியீட்டைத் திரைக்கு விடாது, குழாயின் வழியே மற்றொரு நிரலுக்கு விட்டுப் பார்த்தால் ஒரு வியப்பு நிகழும். விநாடிகள் கழியும், நிமிஷங்களும் கழியும், கேட்கும் நிரலுக்கு ஒரு சொல்லும் வாராது. நிரல் இறந்துவிட்டதோ என ஐயுற்று ஆராய்ந்தால், அது உயிருடன் விநாடிதோறும் வரிகளை எழுதிக்கொண்டேயிருக்கும்.

காரணம் இது. பிரிண்ட்எஃப் எழுதும் எழுத்துகள் நேரே வெளியே செல்வதில்லை. அவை இடைத்தேக்கம் என்னும் ஒரு சிறு களஞ்சியத்திற் சேர்கின்றன. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே இயங்குதளத்தினிடம் ஒப்படைத்தல் செலவு மிக்கது. ஆதலின் பலவற்றைத் திரட்டி ஒருங்கே அனுப்புதல் சிக்கனம் எனக் கருதிச் செய்த ஏற்பாடு இது. ஒரேயொரு கடிதத்துக்காகப் புறப்படாது, பை நிறைந்த பின்னரே புறப்படும் தபாற்காரரின் சிக்கனத்தை ஒக்கும். வெளியீடு செல்லுமிடம் திரையாயின், மனிதர் காத்திருப்பர் என்றெண்ணி, வரி முடிந்தவுடன் பை அனுப்பப்படுகின்றது. குழாயோ கோப்போ ஆயின், பை நிறையுமளவும் அனுப்பப்படுவதில்லை. அதனாலன்றோ திரையிற் செம்மையாய் இயங்கிய நிரல் குழாயில் ஊமையாயிற்று!

லினக்ஸ் இயங்குதளத்தில் குழாய்க்குரிய அப்பையின் அளவு பெரும்பாலும் 4,096 பைட். நாளும் நேரமும் கொண்ட நம் வரி, இறுதிக்குறியும் உட்பட 20 பைட் உடையதாயின், பை நிறைதற்கு 205 விநாடிகள் செல்லும். ஏறத்தாழ மூன்றரை நிமிஷம் மௌனமாயிருந்து, பின்னர் 204 முழு வரிகளும், 205ஆம் வரியின் முற்பகுதியும் ஒருங்கே வந்து வீழும். அவ்வரியின் எஞ்சிய பகுதி அடுத்த பைக்குக் காத்திருக்கும். விநாடிதோறும் உரைப்பேனென்ற வாக்கு இவ்வாறு பொய்க்கின்றது. இதனினும் கொடியது ஒன்றுண்டு. பை நிறையுமுன் நிரல் திடீரெனக் கொல்லப்படின், பையிலுள்ளவை யாவும் அழியும். விபத்து நிகழ்ந்த பின்னர் ஏட்டைப் புரட்டுவோர், விபத்துக்கு முன் நிகழ்ந்த கடைசிக் கணங்களையே தேடுவர்; அக்கணங்களே ஏட்டில் இல்லாமற் போகும்.

பரிகாரம் மிக எளிது. ஒவ்வொரு வரியின் பின்னும் எஃப்ஃப்ளஷ் என்னும் செயற்கூற்றை அழைத்தால், பையிலுள்ளதை அது உடனே அனுப்பிவிடும். அன்றேல், தொடக்கத்திலேயே செட்விபஃப் என்பதனால், வரி முடிந்தவுடன் அனுப்புக என ஒருமுறை ஆணையிட்டுவிடலாம். இவற்றோடு, அனுப்புதல் நிறைவேறியதா எனக் கேட்டறிதலும் கடமையே. வட்டு நிரம்பியிருக்கலாம், கேட்கும் நிரல் எழுந்து போயிருக்கலாம். கேட்பவனில்லாத குழாயில் எழுதப்புகும் நிரலை இயங்குதளம் ஒரு சைகையால் நிறுத்திவிடுவது வழக்கம். ஏனைய தவறுகளைச் செயற்கூறுகள் தாம் திருப்பித் தரும் எண்ணால் அறிவிக்கும். அவ்வெண்ணை நோக்காத நிரல், யாருமில்லாத மண்டபத்தில் நின்று சொற்பொழிவு நிகழ்த்துவார் போல்வது.

மூன்றாவது, சான்றின் மெய்ம்மை. இதுவே மூன்றனுள்ளும் ஆழமுடையது. லினக்ஸில் காவல்நாய் என்னும் பெயருடைய ஏற்பாடு ஒன்றுள்ளது. ஆளில்லா இடங்களில் இரவுபகலாய் இயங்கும் யந்திரம் திடீரென உறைந்துவிடின், அதனை மீண்டும் தொடக்குவார் யார்? அதன்பொருட்டு அமைந்ததே காவல்நாய். காவல்நாய்க்குரிய கோப்பை ஒரு நிரல் திறந்துவிட்டால், அதன்பின் குறித்த கெடுவுக்குள் அந்நிரல் எதையேனும் எழுதிக்கொண்டேயிருத்தல் வேண்டும். கெடு தவறினால், யந்திரம் உறைந்துவிட்டதெனக் கொண்டு காவல்நாய் அதனை மறுதொடக்கஞ் செய்துவிடும். மென்பொருளாலாகிய காவல்நாய்க்குக் கெடு, வேறு கூறாதவிடத்து, 60 விநாடி.

லினக்ஸின் மூலநிரல்களோடு, இதற்கு உதாரணமாகச் சி மொழியிலெழுதிய மிகச் சிறிய உதவி நிரலொன்றும் வழங்கப்படுகின்றது. அது கோப்பைத் திறக்கும், திறக்க இயலாவிடின் விலகும், பின் ஒரேயொரு பைட்டை எழுதும், எழுதியது ஒன்றே எனத் திரும்பி வந்த எண்ணால் உறுதி செய்துகொள்ளும், பத்து விநாடி உறங்கும், மீண்டும் எழுதும். ரைட் என்னும் நேர்வழியால் எழுதுதலின் இடைத்தேக்கத்தின் தொல்லை அதற்கில்லை. சாதாரண ஸ்லீப்பையே அது கொண்டிருப்பினும் தீங்கில்லை. 60 விநாடிக் கெடுவுக்குள் பத்து விநாடிக்கு ஒருமுறை எழுதுவதற்குச் சிறு தாமதம் ஒரு பொருட்டன்று. கேட்பவனுக்கு எது வேண்டுமோ அதனை அறிந்து எழுதுதலே அறிவுடைமை என்பதற்கு இந்நிரல் நல்ல உதாரணம்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி பிறக்கின்றது. இந்த உதவி நிரல் பத்து விநாடிக்கு ஒருமுறை எழுதுதல் எதற்குச் சான்று? உதவி நிரல் உயிரோடிருக்கின்றது என்பதற்கும், இயங்குதளம் அதனை உரிய காலத்தில் எழுப்புகின்றது என்பதற்கும் சான்று. அதற்கு மேல் யாதொன்றுக்கும் சான்றாகாது. அந்த யந்திரம் ஒரு நகரத்தின் நீரேற்று நிலையத்தைக் காத்து வருவதாகவும், அதற்குரிய தலைமை நிரல் எங்கோ சிக்கி அசைவற்று நிற்பதாகவும் எண்ணிப் பாருங்கள். நீர் ஏறாது, எச்சரிக்கை ஒலியாது, ஆயினும் உதவி நிரல் தன் பைட்டைத் தவறாது எழுதிக்கொண்டிருக்கும், காவல்நாயும் நலமேயெனப் படுத்திருக்கும். நோயாளியின் நாடியைப் பிடித்துப் பாராமலே ஒவ்வொரு மணியிலும் நலம் என்று ஏட்டில் எழுதிவரும் பணியாளர் போன்றதே அது. ஏட்டில் ஒரு வரியும் தவறியிராது. அவ்வொழுங்கே காண்போரை ஏமாற்றும்.

ஆகலான், உரைப்பதன்முன் உதவி நிரல் ஒன்றை வினவுதல் வேண்டும். தலைமை நிரல் தன் மடக்கை ஒருமுறை முடிக்குந்தோறும் ஓர் எண்ணைக் கூட்டி வைக்கட்டும். சென்றமுறை கண்ட எண்ணினும் இம்முறை கண்ட எண் மிகுந்திருந்தாலன்றி உதவி நிரல் காவல்நாய்க்கு எழுதாதிருக்கட்டும். அப்பொழுது அதன் மௌனமும் பொருளுடையதாகும், பேச்சும் பொருளுடையதாகும்.

இம்முறை வெற்றி தந்ததற்கு விண்வெளியிலேயே சான்று உண்டு. 1997 ஜூலை 4ஆம் நாள் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டர் என்னும் கலத்தின் கணிப்பொறி, சில நாட்களின் பின் தானே திரும்பத் திரும்ப மறுதொடக்கங் கொள்ளலாயிற்று. அதனுள் ஒரு விநாடியில் எட்டுமுறை நிகழும் சுழற்சியொன்று இருந்தது. ஒரு சுழற்சியில் முடிய வேண்டிய வேலை முடிந்ததா என மற்றொரு பணி நோக்கி, முடியாவிடின் யந்திரத்தை மறுதொடக்கஞ் செய்தது. தாழ்ந்த முதன்மையுடைய ஒரு பணி, உயர்ந்த பணிக்கு வேண்டிய பூட்டைத் தன்வசம் வைத்திருந்த வேளையில், நடுத்தரப் பணிகள் புகுந்து அதனைத் தடுத்தமையே உண்மைக் காரணம் எனப் பூமியிலிருந்த பொறியியலார் ஆராய்ந்து கண்டு, அங்கிருந்தே திருத்தம் அனுப்பினர். காவற்பணி தான் உயிரோடிருப்பதை மாத்திரம் அறிவித்திருந்தால், குறை வெளிப்பட்டிராது. வேலை முடிந்ததா என வினவியதாலேயே கலமும் தப்பிற்று, குறையும் கண்டறியப்பட்டது.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். இடைவேளைதோறும் உரைக்கும் நிரலை எழுதப்புகுவோன், முதற்புள்ளியிலிருந்து காலத்தை எண்ணுக. முந்திய வரியிலிருந்து எண்ணற்க. நடைக்கு ஒருபோக்குக் கடிகாரத்தைக் கொள்க. எழுதியதை உடனே அனுப்புக. அனுப்பியது சென்றதா என வினவுக. உரைக்கும் சொல் எதற்குச் சான்றென முன்னரே துணிந்து, அதனை நோக்கிய பின்னரே உரைக்க. இவையனைத்தையுஞ் சேர்த்தாலும் நிரல் ஐம்பது வரிகளுக்கு மிகாது. முதலில் எழுதிய பத்து வரிகளுக்கும் இவ்வைம்பது வரிகளுக்கும் உள்ள வேற்றுமை, திரையை ஐந்து நிமிஷம் நோக்குவோர்க்குத் தோன்றாது. நாளும் மாதமும் நம்பி நிற்போர்க்கே தோன்றும்.

மாணவ நண்பர்களே, இதனைப் படித்ததோடு நில்லாது, செய்து பார்த்தலும் வேண்டும். பத்து வரி நிரலை முதலில் எழுதி, அதன் வெளியீட்டைக் குழாயின் வழியே விட்டு, பக்கத்தே கடிகாரமொன்றை வைத்துக்கொண்டு, முதல் வரி எப்பொழுது வருகின்றதெனக் குறித்துக்கொள்ளுங்கள். பின் எஃப்ஃப்ளஷ் சேர்த்து, மாலையில் இயக்கிவிட்டு, காலையில் வரிகளை எண்ணிப் பாருங்கள். சென்ற விநாடிகளுக்கும் வந்த வரிகளுக்கும் உள்ள வேற்றுமையை உங்கள் கணக்கேட்டிற் பதியுங்கள். மூன்றாவதாக, முதற்புள்ளியிலிருந்து எண்ணும் வடிவை எழுதி, மறுநாளும் அவ்வாறே எண்ணுங்கள். இம்மூன்று சோதனைகளுக்கும் பொருட்செலவு இல்லை. வேண்டுவன இரண்டு இரவுகளும் சிறிது பொறுமையுமே. நாளை உங்களுள் ஒருவர் எழுதும் சிறு நிரலை நம்பி ஒரு மருத்துவமனையின் கருவியோ, ஒரு புகைவண்டிப் பாதையின் விளக்கோ நிற்கக்கூடும். அந்நாளில் அந்நிரல் உரைப்பது உரிய காலத்தில் உரைக்கப்பட்டதாய், உரியவரைச் சென்று சேர்ந்ததாய், உண்மைக்குச் சான்றாய் அமைவதாக.